கடைக் கேக்கும் வீட்டு இனிப்பும்



பிறந்தநாள் கழிந்த மறுநாள் பல இல்லங்களில் ஒரு காட்சியைக் காணலாம். விலை கொடுத்து வாங்கிவந்த கேக்கில் பாதி அட்டைப் பெட்டியிலேயே கிடக்கும். அதை விரலால் அழுத்திப் பார்ப்பார்கள்; முகம் சுளிப்பார்கள்; பெட்டியோடு அது குப்பைக்குப் போகும். நண்பகல் உணவு கொண்டுவராத பிள்ளைகளை எதிரில் வைத்துக்கொண்டு பாடம் நடத்தியவன் நான். ஆதலால், அந்தக் கேக்கு உண்மையிலேயே கெட்டுவிட்டதா என்று கேட்காமல் இருக்க என்னால் இயலவில்லை.

"காய்ந்துவிட்டது" என்கிறோம். காற்றில் ஈரம் வற்றுவது உண்டு; ஆனால் அது முழு உண்மையன்று. ஈரம் வெளியேறாமல் அடைத்து வைத்த ரொட்டியும் விறைத்துப் போவதைப் பிரெஞ்சு வேதியியல் அறிஞர் பூசிங்கோ 1852ஆம் ஆண்டிலேயே காட்டினார். அதையே சூடாக்கியபோது மீண்டும் மென்மை பெற்றது. காரணம் மாவுச்சத்து. வேகும்போது அது நீரை ஏற்றுக் குழைகிறது. ஆறிய பின் அதன் நுண்ணிய இழைகள் மெல்ல நெருங்கி இறுகுகின்றன. குளிர்ப்பெட்டியின் குளிர் இந்த இறுக்கத்தை விரைவுபடுத்தும். ஆகவே, வெறுங் கேக்கை ஓரிரு நாள் மூடிய பாத்திரத்தில் வெளியே வைப்பதே நலம். கிரீம் பூசிய கேக்கைக் குளிர்ப்பெட்டியில்தான் வைக்கவேண்டும்.

இச்செய்தி நம் தாய்மாருக்குப் புதிதன்று. ஆவி பறக்கும் இட்லியை உதிர்த்துப் பாருங்கள்; களியாகக் கையில் ஒட்டும். காலையில் மிஞ்சி விறைத்த இட்லியோ மாலையில் பொலபொலவென்று உதிர்ந்து உப்புமாவாகும். அங்கே பழமைதான் தகுதி! கேக்கிலும் அப்படியே. புதிய கேக்கில் பாலை ஊற்றினால் கூழாகும். இரண்டு நாளானது பாலைக் குடித்தும் உருக்குலையாமல் நிற்கும்.

இந்தக் குணத்தைக் கொண்டு ஆங்கிலேயர் ஆக்கியது 'டிரைஃபிள்'. அச்சொல்லுக்கு 'அற்பம்' என்று பொருள். உண்டு பார்த்தவர் எவரும் அப்பெயரை ஒப்பார்! அரை லிட்டர் பாலில் சிறிதளவை எடுத்து, இரண்டு மேசைக்கரண்டி கஸ்டர்ட் பொடியை அதில் கட்டியின்றிக் கரையுங்கள். அந்தப் பால் குளிர்ந்திருக்க வேண்டும். சூடான பாலில் பொடியை நேரே இட்டால் கட்டி கட்டுவது திண்ணம். மீதிப் பாலைச் சர்க்கரையுடன் கொதிக்கவைத்து, கரைசலை ஊற்றிக் கெட்டியாகும்வரை கிளறுங்கள். கண்ணாடிக் கிண்ணத்தில் கேக்குத் துண்டுகளைப் பரப்பி, மேலே வாழைப்பழமோ மாம்பழமோ அரிந்து போட்டு, வெதுவெதுப்பான கஸ்டர்டை ஊற்றுங்கள். இன்னுமோர் அடுக்கு வைக்கலாம். பச்சை அன்னாசி மட்டும் வேண்டா. அதிலுள்ள நொதி பாலின் புரதத்தைச் சிதைத்துக் கசப்பூட்டும். ஆறிய பின் மூன்று மணி நேரம் குளிர்ப்பெட்டியில் இருக்கட்டும்.

அந்தப் பொடியை 1837ஆம் ஆண்டில் பர்மிங்காம் நகரத்து மருந்து வணிகர் ஆல்ஃபிரட் பேர்ட் உண்டாக்கினார். அவருடைய மனைவிக்கு முட்டை ஒவ்வாது; ஆகவே முட்டைக்கு மாற்றாகச் சோளமாவைக் கொண்டார். ஒருவருடைய ஒவ்வாமை உலகத்துக்கே ஒரு பண்டத்தைத் தந்தது.

ஐதராபாத்தில் ரொட்டித் துண்டுகளை நெய்யில் பொரித்து, சர்க்கரைப் பாகிலும் சுண்டிய பாலிலும் ஊறவைத்து 'டபுள் கா மீட்டா' செய்கிறார்கள். கேக்கில் சர்க்கரை முன்னமே இருப்பதால் பாகு வேண்டியதில்லை. துண்டுகளை நெய்யில் இலேசாக வாட்டி, ஏலம் இட்ட சுண்டிய பாலை ஊற்றினாலே போதும். இத்தாலியரின் 'திராமிசு' காப்பியில் தோய்த்த பிஸ்கத்து அடுக்கு. நம் வீட்டு டிகாக்ஷனை ஆறவைத்து, கேக்கை ஒரு நொடி மட்டும் அதில் தோய்த்தெடுங்கள். இடையிடையே, துணியில் கட்டி வடித்த தயிரைச் சர்க்கரையோடு குழைத்துப் பூசினால் அதற்கு நெருங்கிய சுவை வரும். அவர்கள் பச்சை முட்டை சேர்ப்பதுண்டு. விடுதிச் சமையலுக்கு அது ஆகாது.

சிக்கனம் பேசுகிற நான் ஓரிடத்தில் மட்டும் கைகாட்டி நிறுத்துவேன். கேக்கில் பூசணம் கண்டால், அந்த இடத்தை மட்டும் வெட்டியெறிந்து மிச்சத்தைப் பயன்படுத்தாதீர்கள். கண்ணுக்குத் தெரிவது அதன் மேற்பரப்பே. வேர் போன்ற இழைகள் மென்மையான பண்டத்துள் ஆழமாக ஓடியிருக்கும். அந்தக் கேக்கு முழுவதும் குப்பைக்கே உரியது.