உயிலை மறுபடி எடுத்துப் பாருங்கள்



பால்மரம் சீவிச் சேர்த்த காசில் வாங்கிய வீடு. உயில் எழுதியாகிவிட்டது என்று நிம்மதியாக இருக்கிறீர்களா? எழுதியது எப்போது?

மலேசியாவின் 1959 உயில் சட்டப்படி, முஸ்லிம் அல்லாதவர் திருமணம் செய்தால் முன்பு எழுதிய உயில் பொதுவாக ரத்தாகிவிடும். மணவிலக்கு அப்படியல்ல, பிரிந்துபோனவர் பெயர் உயிலில் அப்படியே நிற்கும்.

1982 மார்ச்சுக்குப் பிறகு கோயிலில் தாலி கட்டிப் பதிவு செய்யாதவர்களே, உயிலும் இல்லையென்றால் உங்கள் மனைவிக்குச் சட்டப்படி வாரிசுரிமை இல்லை.

சேமநிதிப் பணம் நியமனதாரருக்கே போகும். உயிலை மாற்றினால் போதாது. அந்தப் பெயரையும் தனியாக மாற்றுங்கள்.

வீட்டில் கல்யாணம், குழந்தை, பிரிவு, சாவு எது நடந்தாலும் உயிலைப் பாருங்கள். புதிதாக எழுதினால் இரு சாட்சிகள் முன் கையொப்பமிடுங்கள்; சொத்து பெறுபவர் சாட்சியாக வேண்டாம்.

நம் பெற்றோரின் உழைப்பு நீதிமன்றத்தில் கரையக் கூடாது.