வார்டு ஓட்டு: சில கணக்குகள்

(2026 ஜனவரி 26 அன்று, கொடியேற்றத்துக்குப் பிறகு நமது குடியிருப்பின் தரைத்தள ஹாலில் பேசியதன் எழுத்து வடிவம்.)

பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தாகிவிட்டது. அவர்கள் விளையாடப் போகலாம். பெரியவர்கள் மட்டும் ஒரு கால் மணி நேரம் இருங்கள்.

சட்டமன்றத் தேர்தல் சில மாதங்களில் வருகிறது. அதைப் பற்றிப் பேச டிவியில் ஆள் இருக்கிறார்கள். நான் பேச வந்தது அதற்கு அடுத்து வரவேண்டிய மாநகராட்சி வார்டு தேர்தலைப் பற்றி. போன கமிட்டிக் கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. "அடுத்த வார்டு தேர்தலில் நம் 72 வீட்டு ஓட்டையும் மொத்தமாக ஒருவருக்குக் கொடுப்போம். யார் நம் தெருவுக்கு சிமெண்ட் சாலையும் நமக்கு ஒரு போர்வெல்லும் போட்டுத் தருவதாகச் சொல்கிறாரோ அவருக்கு" என்று. பலர் தலையாட்டினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன் கொஞ்சம் கணக்குப் பார்த்துவிடுவோம். 35 வருடம் வங்கியில் கணக்கெழுதியவனுக்கு வேறு என்ன தெரியும்?

2011 மக்கள்தொகைக் கணக்குப்படி நம் புதுக்கோட்டை நகராட்சியின் மக்கள்தொகை சுமார் 1 லட்சத்து 17 ஆயிரம். வார்டுகள் 42. வகுத்தால் ஒரு வார்டுக்கு 2,800 பேர் வருகிறார்கள். இதில் 18 வயது நிரம்பியவர்கள் இரண்டாயிரத்துச் சொச்சம் இருப்பார்கள். 2022 பிப்ரவரி 19 அன்று நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது தமிழ்நாட்டு நகராட்சிகளில் சராசரியாக 68 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். அப்படியானால் நம்மைப் போன்ற ஒரு வார்டில் பெட்டிக்குள் விழுவது 1,400, 1,500 ஓட்டு. ஐந்தாறு பேர் நின்றால் 600 ஓட்டு வாங்கியவர் கவுன்சிலர். ஜெயிப்பவருக்கும் தோற்பவருக்கும் இடையே சில பத்து ஓட்டுகள்தான் என்பது வார்டு தேர்தலில் சகஜம்.

இப்போது நம் கட்டடம். வீட்டுக்கு இரண்டு ஓட்டு என்று வைத்தாலும் 144. சட்டமன்றத் தொகுதியில் 144 ஓட்டை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். வார்டில் அது ஒரு தேர்தலையே திருப்பிவிடும். யோசனை சொன்ன நண்பரும் இந்தக் கணக்கைத்தான் போட்டிருப்பார். அதுவரை அவர் சொன்னது சரி.

ஆனால் அந்த 144 ஓட்டு எங்கே இருக்கிறது? செயலாளர் வீடு வீடாகக் கேட்டுப் பார்த்திருக்கிறார். பாதி வீடுகளுக்கு மேல் ஓட்டு இங்கே இல்லை. அறந்தாங்கி, ஆலங்குடி, பொன்னமராவதி, கீரனூர் என்று அவரவர் சொந்த ஊரில் இருக்கிறது. சிலருக்குத் திருச்சியில் முன்பு குடியிருந்த வாடகை வீட்டு முகவரியில் இருக்கிறது. சிலருக்கு எங்கேயுமே இல்லை. கணக்கில் பணம் இல்லாமல் செக் எழுதிக் கொடுத்தால் வங்கியில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நம்மிடம் இல்லாத 144 ஓட்டை நாம் யாருக்கு எழுதிக் கொடுப்பது?

சொந்த ஊரில் ஓட்டை வைத்திருப்பதற்குக் காரணங்கள் உண்டு. குலதெய்வம் அங்கே, நிலம் அங்கே, ஊராட்சித் தலைவருக்குப் பங்காளி நிற்பார், ஓட்டை மாற்றினால் "டவுனுக்குப் போய்விட்டான்" என்று பேசுவார்கள். இதெல்லாம் எனக்கும் புரிகிறது. ஆனால் சட்டம் சொல்வது வேறு. ஒருவர் சாதாரணமாக எங்கே குடியிருக்கிறாரோ அங்கேதான் அவர் வாக்காளர். ஊரில் வீடு சொந்தமாக இருப்பது மட்டும் அங்கே வாக்காளராக இருக்கப் போதாது. போன வருடக் கடைசியில் நடந்த சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் இது பலருக்கு உறைத்தது. டிசம்பர் 19 அன்று வந்த வரைவுப் பட்டியலில் தமிழ்நாடு முழுவதும் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. அதில் சுமார் 66 லட்சம் பேர் முகவரி மாறிப் போனவர்கள் அல்லது அங்கே இல்லாதவர்கள் என்று சொல்லப்பட்டது. அந்த வேலை நடந்த விதம் பற்றி ஆளுக்கொரு கருத்து இருக்கும். அதற்குள் நான் போகவில்லை. உள்ளாட்சித் தேர்தலுக்குத் தனியாகப் பெயர் எழுதுவதில்லை என்பதை மட்டும் மனதில் வையுங்கள். மாநிலத் தேர்தல் ஆணையம் இந்தச் சட்டமன்றப் பட்டியலை எடுத்து வார்டு வாரியாகப் பிரித்துக்கொள்ளும். இதில் விட்டுப்போனால் அதிலும் விட்டுப்போகும்.

"கவுன்சிலருக்கு ஓட்டுப் போட்டு என்ன சார் ஆகப்போகிறது?" என்று பி பிளாக்கில் ஒருவர் கேட்டார். என்ன ஆகும் என்பதற்கு ஒரு தேதிக் கணக்கு சொல்கிறேன். 2022 பிப்ரவரி 19 ஓட்டுப்பதிவு. 22 எண்ணிக்கை. மார்ச் 2 கவுன்சிலர்கள் பதவியேற்பு. மார்ச் 4 மேயர், தலைவர் தேர்தல். ஏப்ரல் 1 சொத்து வரி உயர்வு அறிவிப்பு. 600 சதுர அடிக்குள் இருக்கும் வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. ஓட்டுப் போட்டு 41 நாள்தான் ஆகியிருந்தது. உயர்வை அறிவித்தது மாநில அரசு. ஆனால் அதைத் தீர்மானமாக நிறைவேற்றியது மாமன்றங்களும் நகர்மன்றங்களும். நம்மில் முக்கால்வாசிப் பேர் 1,200 சதுர அடி பிரிவில் வருகிறோம். வரி உயர்த்தியது சரியா தவறா என்று இங்கே வாதாட வேண்டாம், பல வருடமாக உயர்த்தவில்லை என்ற நியாயமும் அதில் உண்டு. தீர்மானத்துக்குக் கை தூக்கியவர் யார், எதிர்த்துப் பேசியவர் யார் என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

தேர்தலே நடக்காவிட்டால் என்ன ஆகும் என்பதையும் நாம் பார்த்திருக்கிறோம். 2016 அக்டோபரில் நடக்கவேண்டிய உள்ளாட்சித் தேர்தலை, இட ஒதுக்கீட்டு முறை சரியில்லை என்ற வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அந்த மாதமே பழைய மன்றங்களின் காலம் முடிந்தது. அதற்குப் பிறகு ஐந்து வருடத்துக்கும் மேல் நகரங்களில் கவுன்சிலரே கிடையாது. தனி அலுவலர்தான். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை என்று மத்திய நிதிக்குழு மானியமும் நிறுத்தி வைக்கப்பட்டது. அதிகாரிகள் நன்றாக வேலை செய்யவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதிகாரி வீட்டுக் கதவை ராத்திரி ஒன்பது மணிக்குத் தட்ட முடியாது. கவுன்சிலர் வீட்டுக் கதவைத் தட்டலாம். அவருக்கு நம் ஓட்டு மறுபடி வேண்டும். இன்றைக்கும் நம் மாவட்டத்து ஊராட்சிகளைப் பாருங்கள். 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. அதிலிருந்து அங்கே தனி அலுவலர்கள்தான்.

உள்ளாட்சி பற்றிப் பேசினால் உத்திரமேரூர் கல்வெட்டைச் சொல்லியாக வேண்டும் என்று ஒரு வழக்கம் இருக்கிறது. நானும் சொல்லிவிடுகிறேன், குடவோலைக்காக அல்ல. பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மறுபடி நிற்கக் கூடாது என்று அதில் ஒரு விதி இருக்கிறது. பராந்தக சோழன் காலத்தில் ஆடிட் எவ்வளவு கறாராக இருந்திருக்கிறது பாருங்கள்.

நம் ஊருக்கும் இதில் கதை உண்டு. மன்னராட்சி இருக்கும்போதே 1902இல் இங்கே பிரதிநிதிகள் சபை கூடியது. நகராட்சி வந்தது 1912. 1924இல் அமைந்த சட்டசபையில் 50 பேரில் 35 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். சுற்று ஊராட்சிகள் சிலவற்றைச் சேர்த்து மாநகராட்சி ஆனது 2024 ஆகஸ்டில். சேர்க்கும்போது அந்த ஊர்களில் எதிர்ப்பு இருந்தது. நூறு நாள் வேலை போய்விடும், வரி கூடும் என்று. அந்தக் கவலையை நாம் அலட்சியமாகப் பேசக் கூடாது. மாநகராட்சி என்ற பெயர்ப் பலகை நமக்குப் பெருமை, அவர்களில் பலருக்கு அது கூலி.

எல்லை பெரிதானதால் அடுத்த தேர்தலில் வார்டுக் கோடுகள் மாறலாம், பொது வார்டு பெண்கள் வார்டாகலாம். பெண்களுக்குப் பாதி இடம் என்பது 2016இலேயே சட்டமாகிவிட்டது. முத்துலட்சுமி ரெட்டி பிறந்த ஊர் இது. அப்படியிருந்தும் பெண் கவுன்சிலர் என்றால் "அவர் வீட்டுக்காரரிடம் பேசிக்கொள்ளலாம்" என்கிறோம். அந்த அம்மாவிடமே பேசுங்கள். நாலு பேர் அவரிடமே நேரில் போய்க் கேட்க ஆரம்பித்தால் வீட்டுக்காரர் தானாக ஒதுங்கிக்கொள்வார்.

மேயர் விஷயம் ஒன்று. 1996இலும் 2001இலும் 2011இலும் மேயருக்கு நாமே நேரடியாக ஓட்டுப் போட்டோம். 2006இல் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள். 2019 நவம்பரில் மறுபடி அதே மறைமுக முறை வந்தது. ஆக, இப்போது வார்டில் நாம் போடும் ஒரே ஓட்டில்தான் மேயரும் அடக்கம்.

இப்போது அந்த மொத்த ஓட்டு யோசனைக்கு வருகிறேன்.

இதைக் குடியிருப்போர் சங்கங்கள் உச்சத்துக்குக் கொண்டுபோன ஓர் ஊர் இங்கிலாந்தில் இருக்கிறது. லண்டனை ஒட்டி, சர்ரே மாவட்டத்தில் எப்சம் அண்ட் யூவெல் என்ற பரோ. குதிரைப் பந்தயத்துக்குப் பேர்போன ஊர். அந்த பரோ கவுன்சில் 1937இல் உருவானதிலிருந்து அங்கே ஆள்வது கன்சர்வேட்டிவும் இல்லை, லேபரும் இல்லை, குடியிருப்போர் சங்கங்கள்தான். 2023 தேர்தலில்கூட 35 இடங்களில் 26 அவர்களுக்கு. நம் தலைவர் முகத்தில் இப்போது ஒரு வெளிச்சம் தெரிகிறது. ஆனால் கவனியுங்கள். அந்தச் சங்கத்தார் யாரிடமும் ஓட்டை விலை பேசவில்லை. வேட்பாளரைத் தாங்களே நிறுத்தி, ஊருக்கு எதிரில் ஓட்டுக் கேட்டு, ஜெயித்தால் பொறுப்பையும் தோற்றால் அவமானத்தையும் தாங்களே சுமக்கிறார்கள். நம்மில் யாராவது அப்படி நிற்பதானால் தாராளமாக நிற்கலாம். 21 வயது ஆகியிருக்க வேண்டும், அது நம் எல்லோருக்கும் எப்போதோ ஆகிவிட்டது. சங்கத்தின் லெட்டர்பேடை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு நிற்கட்டும்.

அந்த நாட்டைப் பற்றி இன்னொன்று. என் தங்கை மகன் வேலைக்காக அங்கே போனான். இந்திய பாஸ்போர்ட்தான். ஆனாலும் காமன்வெல்த் நாட்டவர் என்பதால் அங்கே முறைப்படி குடியிருப்பவருக்கு ஓட்டு உண்டு. போன சில மாதத்திலேயே பட்டியலில் பெயர் சேர்த்துவிட்டான். இங்கே பத்து வருடமாகக் குடியிருக்கும் நாம் இன்னும் பொன்னமராவதி வாக்காளர்.

சரி, ஓட்டை மொத்தமாகக் கொடுப்பதில் என்ன கெடுதல்? குக்கர் வாங்கிக்கொண்டு ஓட்டுப் போட்டால் லஞ்சம் என்கிறோம். கட்டடத்துக்கு போர்வெல் வாங்கிக்கொண்டு போட்டால் அதற்குப் பெயர் நலத்திட்டமா? அளவுதான் வேறு. அடுத்து, நாம் வாக்குக் கொடுத்தவர் தோற்றுவிட்டால்? வார்டில் இரண்டு மூன்று பூத்துதான். இயந்திரம் இயந்திரமாக எண்ணுகிறார்கள். எந்தப் பூத்தில் யாருக்கு எவ்வளவு என்று முகவர்கள் எழுதிக்கொண்டு போவார்கள். ஜெயித்தவர் ஐந்து வருடம் நம் தெருப் பக்கம் திரும்புவாரா? மூன்றாவது, இந்த ஹாலிலேயே நாலைந்து கட்சிக்காரர்கள் இருக்கிறீர்கள். வாடகைக்கு இருப்பவர்கள் இருக்கிறீர்கள். மெயின்டனன்ஸ் வசூலிக்கும் அதிகாரம் சங்கத்துக்கு உண்டு. ஒருவர் யாருக்கு ஓட்டுப் போடுவது என்று சொல்லும் அதிகாரம் கிடையாது. இன்றைக்கு ஓட்டைக் கேட்டால் நாளைக்கு "நீ உண்மையில் யாருக்குப் போட்டாய்?" என்று லிஃப்டில் கேட்பார்கள். தண்ணீர் மோட்டார் சண்டையே நமக்குப் போதும்.

அதனால் கமிட்டிக்கு நான் எழுதிக் கொடுத்திருப்பது வேறு. வேட்புமனு முடிந்ததும் எல்லா வேட்பாளரையும், சுயேச்சை உட்பட, ஒரே நாளில் இந்த ஹாலுக்குக் கூப்பிடுவோம். ஆளுக்குப் பத்து நிமிடம். ஒரே கேள்விகள். காவிரிக் குடிநீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று உறுதி சொல்வீர்கள், பாதாள சாக்கடைக் கட்டணமும் குப்பைக் கட்டணமும் மன்றத்துக்கு வந்தால் என்ன நிலை எடுப்பீர்கள், பகுதி சபையை ஒழுங்காகக் கூட்டுவீர்களா. இந்தப் பகுதி சபை நகரத்துக் கிராம சபை மாதிரி. 2022 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. கவுன்சிலரை வருடம் முழுக்கக் கேள்வி கேட்க நமக்கு இருக்கும் ஒரே சட்டப்படியான இடம். பதில்களைச் செயலாளர் எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டட்டும். அதற்கு மேல் அவரவர் மனசாட்சி.

இப்போதைய மன்றத்தின் ஐந்து வருடம் 2027 மார்ச் தொடக்கத்தில் முடிகிறது. அதற்குள் தேர்தல் முடிய வேண்டும் என்பது அரசியல் சட்டம். 2016 அனுபவத்துக்குப் பிறகு நான் தேதிக்குப் பந்தயம் கட்ட மாட்டேன். ஆனால் பட்டியலில் பெயர் சேர்க்க தேர்தல் தேதி வரை காத்திருக்க வேண்டியதில்லை. எங்குமே பெயர் இல்லாதவருக்குப் படிவம் 6. வேறு ஊரிலிருந்து இங்கே மாற்றுவதற்குப் படிவம் 8. இரண்டு இடத்திலும் வைத்துக்கொள்ள முடியாது, பொய்யாக எழுதிக் கொடுத்தால் தண்டனை உண்டு.

அடுத்த ஞாயிறு காலை பத்து மணியிலிருந்து இதே ஹாலில் ஒரு மேசை போட்டு உட்காருகிறேன். ஆதாரும் பழைய வாக்காளர் அட்டையும் கொண்டு வாருங்கள். வாடகைக்கு இருப்பவர்கள் ஒப்பந்த நகலையும் எடுத்து வாருங்கள், உங்களுக்கும் இந்த வார்டில் ஓட்டு உண்டு. போனில் நிரப்பத் தெரிந்த காலேஜ் பிள்ளைகள் இரண்டு பேர் எனக்கு உதவிக்கு வேண்டும். சி பிளாக் லிஃப்ட் சரியாகும் வரை அங்கே மேல் மாடியில் இருக்கும் பெரியவர்களிடம் நானே படிவத்தோடு வருகிறேன். கதவைத் தட்டினால் திறங்கள்.