கயிறு போட்ட தெருக்கள்



கழற்றிப் பூட்டக்கூடிய இடைக்கால வீடுகளைப் பற்றியும், அவற்றில் குடியேறுகிறவர்களிடையே அக்கம்பக்கம் என்ற உறவு எப்படி உருவாகிறது என்பதைப் பற்றியும் இரண்டு நாட்கள் பேசப் போகிறோம். இதைப் பேசக் கொல்கத்தாவைவிடத் தகுந்த ஊர் எனக்குத் தெரியவில்லை. இந்த நகரத்தின் தெற்கே இன்று மாடி வீடுகளாக நிற்கும் பேட்டைகள் பலவும் ஒரு காலத்தில் மூங்கில் தட்டிக் குடிசைகளாக இருந்தவை.

1947 பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த குடும்பங்கள் சியால்டா ரயில் நிலைய நடைமேடையிலேயே மாதக்கணக்கில் கிடந்தன. 1948இல் அவர்களில் ஒரு பகுதியினர் ஜாதவ்பூர் அருகே, இரண்டாம் உலகப் போர் முடிந்து ராணுவம் விட்டுப்போன முகாமில் புகுந்து குடியேறினார்கள். அதுதான் பிஜய்கர். அடுத்து ஆசாத்கர், நேதாஜி நகர் என்று வரிசையாக எழுந்தன. 1951க்கு முன் எழுந்தவை என்று அரசு பின்னாளில் கணக்கிட்டவை மட்டும் 149 காலனிகள்.

அந்தக் காலனிகளைக் கட்டிய விதத்தைக் கட்டடக்கலை மாணவர்கள் கூர்ந்து படிக்க வேண்டும். முதலில் ஒரு குழு. அந்தக் குழு நிலத்தை அளந்து, கயிறு போட்டு, குடும்பத்துக்கு இரண்டு மூன்று கட்டா என்று மனை பிரிக்கும். ஒரு கட்டா 720 சதுர அடி. தெருவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சந்தைக்கும் இடம் ஒதுக்கிய பிறகே மனை. குடிசை இரவோடு இரவாக எழும்பும்: மூங்கில் கால், ‘தர்மா’ எனப்படும் பிளந்த மூங்கிலில் பின்னிய தட்டிச் சுவர், மேலே ஹோக்லா என்ற நீர்க்கோரை வேய்ந்த கூரை. நிலக்காரரின் ஆட்களோ போலீசோ வந்து பிரித்துப் போட்டால், மறுபடி அதே காலை நட்டு அதே தட்டியைக் கட்டுவார்கள். பெண்கள் சங்கு ஊதி ஊரைக் கூட்டி முன்னால் நிற்பார்கள். கழற்றிப் பூட்டும் வீடு என்று இன்று நாம் வரைந்து காட்டுவதை அவர்கள் உயிரைப் பணயம் வைத்துச் செய்துகொண்டிருந்தார்கள்.

காலப்போக்கில் தட்டி செங்கலானது, கோரை ஓடாகிப் பின் தளமானது. பட்டா கைக்கு வரப் பல பத்தாண்டுகள் ஆயின. ஆனால் அன்று போட்ட தெருக்கோடு பல இடங்களில் இன்றும் அப்படியே இருக்கிறது. என் உரையின் சாரம் இதுதான். இடைக்கால வீட்டில் காலத்துக்கும் நிற்கப்போவது சுவரும் கூரையும் அல்ல. மனையின் எல்லை, தெருவின் அகலம், வடிகால், குழாயடி, பக்கத்து வீட்டில் யார் என்ற முடிவு, இவையே நிற்கும். நாமோ நம் அறிவையெல்லாம் சுவர்ப் பலகையில் கொட்டிவிட்டு, மனைப் பிரிப்பை ஏதோ ஓர் அலுவலகத்தின் அவசரத்துக்கு விட்டுவிடுகிறோம்.

இந்தக் காலனிகளை மட்டும் புகழ்ந்துவிட்டுப் போனால் பாதி உண்மையைச் சொன்னவனாவேன். இங்கே இடம் பிடித்தவர்களில் பெரும்பாலோர் படித்த, மேல்சாதி நடுத்தரக் குடும்பத்தினர். ஒன்றுகூடவும் மனு எழுதவும் வாதாடவும் அவர்களால் முடிந்தது. பின்னால் வந்த, ஒடுக்கப்பட்ட சாதியினரான நாமசூத்திர உழவர்கள் ராணாகாட் அருகே கூப்பர்ஸ் கேம்ப் போன்ற அரசு முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அங்கே உதவித்தொகை இருந்தது. யாருக்கு அடுத்து யார் இருப்பது என்று சொல்லும் உரிமை இல்லை. 1958 முதல் மத்திய இந்தியக் காட்டுப் பகுதியான தண்டகாரண்யத்துக்கு ஏற்றப்பட்டார்கள். அங்கிருந்து 1978இல் திரும்பி வந்து, சுந்தரவனத்தின் மரிச்ஜாப்பித் தீவில் பள்ளியும் மருந்தகமும் தாங்களே அமைத்தவர்களை 1979இல் முற்றுகையிட்டு அரசு வெளியேற்றியது. உயிர்ச்சேதம் நிகழ்ந்தது. பிஜய்கரில் வீரமாகக் கொண்டாடப்பட்ட அதே செயல் மரிச்ஜாப்பியில் குற்றமாயிற்று. ‘சமூகத்தை வளர்க்கும் வடிவமைப்பு’ என்று சொல்கிறவர்கள், எந்தச் சமூகம், அதன் குழுவில் யாருக்கு நாற்காலி என்பதையும் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

தமிழ்நாட்டுக்கும் இந்த வரலாற்றில் பங்கு உண்டு. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் தார் ஷீட் கொட்டகைகளை முதுகோடு முதுகாக வரிசை கட்டினோம். சித்திரை வெயிலில் உள்ளே கால் வைக்க முடியவில்லை. 1983 முதல் வந்த இலங்கைத் தமிழர்களுக்கு ‘தற்காலிகமாக’க் கொடுத்த சிறு அறைகளில் மூன்றாம் தலைமுறை பிறந்தது. 2021இல்தான் 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவதாக மாநில அரசு அறிவித்தது. இடைக்காலம் என்ற சொல்லை நம்பி அகலமில்லாமல் விட்ட சந்துகளில் ஒரு வாழ்நாளே கழிந்துவிடுகிறது.

எனவே என் யோசனை எளியது. மண்ணோடு சேர்ந்தது நிரந்தரமாக இருக்கட்டும். மண்ணுக்கு மேலே எழுவது மாறக்கூடியதாக இருக்கட்டும். மழைநீர் ஏறாத உயரத்தில் மேடை, வடிகால், கழிப்பறை, மனைக்கல் ஆகியவற்றை முதல் வாரத்திலிருந்தே நிலையாகப் போடுவோம். 1977இல் தொடங்கிய சென்னை நகர வளர்ச்சித் திட்டத்தில் அரும்பாக்கத்தில் இந்த வழியில்தான் போனார்கள். இந்தூரில் கட்டடக்கலைஞர் பாலகிருஷ்ண தோஷி வடிவமைத்த ஆரண்யா குடியிருப்பும் இப்படித்தான் வளர்ந்தது: மேடையும் கழிப்பறையும் கொடுத்து, மீதியைக் குடும்பத்தின் கைக்கு விட்டார்கள்.

மேலே எழுவதற்கு வங்காளத்தில் மூங்கிலை விட்டு வேறு தேட வேண்டியதில்லை. பதப்படுத்தாத மூங்கில் ஈரமண்ணில் ஓரிரு ஆண்டில் மக்கிவிடும்; அதிலுள்ள மாவுச்சத்துக்காக வண்டு துளைக்கும். போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்து, அடிக்காலை மண்ணில் புதைக்காமல் கான்கிரீட் கட்டையில் உட்கார வைத்தால், பல ஆண்டுகள் தாங்கும். ஆம்பன் புயல் 2020 மே மாதம் கூரைகளைத் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்தவர்களுக்குக் கூரையைக் காலோடும் காலைக் கட்டையோடும் இறுக்கிப் பிணைப்பதன் அருமை தெரியும். அந்த முடிச்சைக் குடியிருப்பவரே அவிழ்த்துக் கட்டத் தெரிந்திருக்க வேண்டும். கம்பெனி ஆள் வந்தால்தான் பழுது பார்க்க முடியும் என்ற பலகை, என்னதான் எடை குறைந்ததானாலும், முகாமுக்கு உதவாது.

ஆளுக்குக் குறைந்தது 3.5 சதுர மீட்டர், கூரைக்குக் கீழே வாழும் பரப்பு என்ற, பேரிடர் நிவாரணத்துக்கான ஸ்ஃபியர் அளவுகோல் தேவையானது. ஆனால் அதை மட்டும் நிறைவேற்றிவிட்டு வேலை முடிந்தது என்று எழுதும் திட்ட அறிக்கைகளை நிறையப் படித்துவிட்டேன். பரப்பைப் போலவே வீடுகளை அடுக்கும் விதமும் முக்கியம். நிகரகுவாவின் மனாகுவாவில் 1972இல் நிகழ்ந்த நிலநடுக்கத்துக்குப் பின், நிவாரண வல்லுநர் ஃபிரெட் கியூனி கூடாரங்களைப் பட்டாள வரிசையில் நிறுத்தாமல், பொது முற்றத்தைச் சுற்றிக் கொத்துக் கொத்தாக அமைத்தார். செலவு கூடாத மாற்றம் அது. காகிதத்தில் கோடு போடும்போதே எடுத்த முடிவு.

கட்டுரை வாசிக்கப்போகும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வரைபடத்தோடு இரண்டு செய்திகளைச் சேர்த்துச் சொல்லுங்கள்: மனையை யார் ஒதுக்குகிறார்கள், பத்தாவது ஆண்டில் அதே இடம் எப்படி இருக்கும். பதில் இல்லாவிட்டால் இல்லை என்றே சொல்லுங்கள். அதை வைத்து நாளை பிற்பகல் விவாதத்தைத் தொடங்கலாம். முதல் அமர்வு மூங்கில் இணைப்புகளைப் பற்றியது. கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.