நாயின் நிறமும் குணமும்

நேயர்கள் பலரும் கண்டிருக்கக்கூடிய காட்சி ஒன்று. ஒரு வீட்டிலே நாய் குட்டி போட்டிருக்கிறது. கண் திறந்து, முற்றத்திலே தள்ளாடித் தள்ளாடி நடக்கத் தொடங்கிவிட்ட ஐந்து குட்டிகள். ஒன்று முழுக் கறுப்பு, ஒன்று சிவலை, ஒன்று கபிலம், ஒன்று வெள்ளை, மற்றொன்று கறுப்பும் வெள்ளையும் கலந்தது. குட்டி கேட்டு வந்த அயலவர்கள் சுற்றி நின்று தீர்ப்புக் கூறுகிறார்கள். "கறுப்பன் காவலுக்கு நல்லவன், ஆனால் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஆகான்" என்கிறார் ஒருவர். "சிவலைக்கு முன்கோபம்" என்கிறார் இன்னொருவர். வெள்ளைக் குட்டி சாது என்பதில் எல்லோருக்கும் உடன்பாடு. அரை மணி நேரத்திலே ஐந்து உயிர்களின் தலைவிதி எழுதப்பட்டுவிடுகிறது. வெள்ளைக்கு மடி, கறுப்பனுக்குச் சங்கிலி, ஒருவருக்கும் வேண்டாத சிவலைக்குச் சந்தைத் தெரு.

இத்தீர்ப்புக்கு ஆதாரம் உண்டா? உரோமத்தின் நிறம் உள்ளத்தின் இயல்பைக் காட்டுமா?

முதலில், நிறம் எவ்வாறு உண்டாகிறது என்று பார்ப்போம். நாயின் உரோமத்துக்கு நிறமூட்டுவது மெலனின் என்னும் பொருள். அதில் கருமையானது ஒன்று, செம்மஞ்சளானது ஒன்று என இருவகை உண்டு. இவற்றின் அளவையும் இடத்தையும் சில பரம்பரையலகுகள் தீர்மானிக்கின்றன. லப்ரடோர் என்னும் சாதியை எடுத்துக்கொண்டால், கறுப்பு, கபிலம், மஞ்சள் ஆகிய மூன்று நிறங்களும் பெரும்பாலும் இரண்டே இரண்டு பரம்பரையலகுகளின் விளையாட்டாகும். கறுப்புத் தாய்க்கும் கறுப்புத் தந்தைக்கும் மூன்று நிறத்துக் குட்டிகளும் ஒரே ஈற்றில் பிறத்தல் கூடும். குணமோ அத்துணை எளிதன்று. அதிலே எண்ணற்ற பரம்பரையலகுகளுக்கும், தாயின் வளர்ப்புக்கும், மனிதரின் பழக்கத்துக்கும் பங்கு உண்டு. 2022ஆம் ஆண்டில் வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சியில் 18,000க்கு மேற்பட்ட நாய்களின் நடத்தை பற்றி அவற்றை வளர்ப்போரிடம் கேட்டறியப்பட்டது; 2,000க்கு மேற்பட்ட நாய்களின் மரபணுக்களும் ஆராயப்பட்டன. நாய்க்கு நாய் காணப்படும் நடத்தை வேறுபாட்டில் ஏறக்குறைய 100க்கு 9 பங்கை மட்டுமே சாதி விளக்கியது. சாதியே இவ்வளவுதான் சொல்லும் என்றால், தனி நிறம் எவ்வளவு சொல்லிவிடப் போகிறது?

எனினும், நிறத்துக்கும் குணத்துக்கும் தொடர்பு உண்டென்று காட்டும் ஆராய்ச்சிகளும் இருக்கின்றன; அவற்றை மறைத்துப் பேசுவது முறையன்று. கொக்கர் ஸ்பானியல் நாய்களைப் பற்றிப் பிரித்தானியாவில் நடந்த ஆராய்ச்சியொன்று 1996ஆம் ஆண்டில் வெளியாயிற்று. பல நிறம் கலந்த நாய்களைவிட ஒரே நிறமுடையவை கூடுதலாகச் சினந்தன. ஒரே நிறமுடையவற்றுள்ளும் கறுப்பைவிடச் செம்பொன் நிறத்தவை கூடுதலாகச் சினந்தன. லப்ரடோர் நாய்களைப் பற்றி 2014இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சி, கபில நிறத்தவை கறுப்பு நிறத்தவற்றைவிடக் கிளர்ச்சி மிக்கவை, பயிற்சிக்குச் சற்றுக் குறைவாகவே இணங்குபவை என்று கண்டது.

அப்படியாயின் சிவலைக்கு முன்கோபம் என்றவர் சொன்னது சரிதானோ? இங்கேதான் நின்று சிந்திக்க வேண்டும். கொக்கர் ஸ்பானியலில் ஒரே நிறமுடையவையும் பல நிறமுடையவையும் நெடுங்காலமாகப் பெரும்பாலும் தனித்தனி வழிகளாகவே வளர்க்கப்பட்டு வந்தன. மேலும், செம்பொன் நிறமும் கபில நிறமும் அடங்கி நிற்கும் இயல்புடையவை. தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் மட்டுமே குட்டியில் வெளிப்படுபவை. ஆகவே அந்நிறத்தை விரும்புவோர் அந்நிறத்து நாய்களையே திரும்பத் திரும்ப இணை சேர்க்கின்றனர். உறவு வட்டம் சுருங்குகிறது. சுருங்கிய வட்டத்தில் ஒரு குறை புகுந்தால் அது நிறத்தோடு கூடவே பயணம் செய்யும். பிரித்தானியாவில் கபில லப்ரடோர்களின் ஆயுள் நடுக்கணக்காக 10.7 ஆண்டு; ஏனைய நிறத்தவற்றுக்கு 12.1 ஆண்டு என்று 2018இல் கண்டறியப்பட்டது. அதற்கும் இத்தகைய இனப்பெருக்க முறையே காரணமாகலாம் என்று ஆராய்ந்தோர் கருதினர். சுருங்கக் கூறின், அத்தகைய இடங்களில் நிறம் என்பது குடும்பப் பெயர் போன்றது. அது எந்த வீட்டிலிருந்து வந்தவன் என்று சொல்லக்கூடும். எப்படிப்பட்டவன் என்று சொல்லாது. வேறொரு நாட்டில், வேறொரு வழியில் பிறந்த சிவலைக்கு அப்பெயர் பொருந்தாது.

இதற்கு எதிர்த்திசையிலிருந்து வெளிச்சம் தருவது சைபீரியாவில் நடந்த ஒரு சோதனை. நோவோசிபிர்ஸ்க் நகரில் பெல்யாயெவ் என்னும் விஞ்ஞானி 1959ஆம் ஆண்டில் அதனைத் தொடங்கினார். அவருக்குப் பின் லியுட்மிலா துரூத் அம்மையார் அதனை நடத்தி வந்தார். தோலுக்காக வளர்க்கப்பட்ட நரிகளுள் மனிதரைக் கண்டு அஞ்சாதவற்றையும் சீறாதவற்றையும் மட்டும் தேர்ந்து இணை சேர்த்தனர். நிறத்தை அவர்கள் பார்க்கவில்லை. சில தலைமுறைகளுக்குள் வாலாட்டும் நரிகள் தோன்றின. அவற்றுள் சிலவற்றுக்கு நெற்றியில் வெள்ளைப் பொட்டும் மடிந்த காதும் காணப்பட்டன. சாந்தகுணமே வெள்ளைப் புள்ளியைக் கொணர்ந்தது என்று உலகம் வியந்தது. ஆனால், அந்நரிகளின் முன்னோர் கனடாவின் பண்ணைகளில் ஏற்கெனவே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்டவை என்பதையும், அத்தகைய புள்ளிகள் அங்கே முன்னரே காணப்பட்டன என்பதையும் 2019இல் ஆய்வாளர்கள் எடுத்துக் காட்டினர். ஆகவே அந்தச் சான்றும் முடிந்த முடிபன்று.

நிறம் மெய்யாகவே ஒன்றைச் சொல்லும் இடமும் உண்டு. அது குணத்தைப் பற்றியதன்று, செவியைப் பற்றியது. நிறமூட்டும் உயிரணுக்கள் தோலில் மட்டுமல்ல, உட்செவியிலும் வேலை செய்கின்றன. அவை அங்கே இல்லாவிடின், பிறந்து சில வாரங்களில் செவிப்புலன் அழிந்துவிடும். வெண்மை மிகுந்த நாய்களில் செவிடு கூடுதலாகக் காணப்படுவதன் காரணம் இதுவே. அமெரிக்காவில் சோதிக்கப்பட்ட டல்மேஷன் நாய்களுள் ஏறக்குறைய 100க்கு 30 ஒரு காதிலேனும் கேளாதவையாக இருந்தன. உறங்கும் செவிட்டு நாயைக் குழந்தையொன்று ஓடிவந்து தொட்டால், நாய் திடுக்கிட்டுக் கவ்விவிடலாம். "சாதுவென்று நம்பிய வெள்ளை நாய் கடித்துவிட்டதே" என்று வீட்டார் திகைப்பர். அது சாதுவாகவும் இருந்திருக்கலாம், செவிடாகவும் இருந்திருக்கலாம். இரண்டாவதை எவரும் சோதித்துப் பார்க்கவில்லை.

எஞ்சுவது பார்ப்பவரின் கண். 2013இல் வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சியில் ஒரே நாயின் படத்தைக் கறுப்பாகவும் மஞ்சளாகவும் மாற்றிப் பலருக்குக் காட்டினர். மஞ்சளாகத் தோன்றிய நாயே இணக்கமானது, நிதானமானது என்று பார்த்தவர்கள் மதிப்பிட்டனர். நாய் ஒன்றே, மாறியது நிறம் மட்டுமே. இந்தக் கண்ணின் தீர்ப்பு கண்ணோடு நின்றுவிடுவதில்லை. கறுப்பன் பொல்லாதவன் என்று சங்கிலியில் கட்டுகிறோம். கட்டுண்டவன் மனிதரோடு பழகாமல் வளர்கிறான், பழகாதவன் அஞ்சுகிறான், அஞ்சுபவன் உறுமுகிறான். "அன்றே சொன்னோமே" என்கிறோம்.

பழக்கம் எவ்வளவு வலியது என்பதற்கு 1961இல் வெளியான ஒரு சோதனையே போதும். அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில், கொக்கர் ஸ்பானியல் குட்டிகளும் பீகிள் குட்டிகளும் உயர்ந்த வேலியடைத்த வெளியில் வளர்க்கப்பட்டன. சில குட்டிகள் வெவ்வேறு வயதில் மனிதரோடு பழக விடப்பட்டன. 14 வாரம் வரை மனிதரோடு பழகாதவையோ காட்டு விலங்குபோல் மனிதரை அஞ்சி ஓடின. மூன்றாம் வாரத்திலிருந்து ஏறக்குறைய மூன்று மாதம் வரை உள்ள காலமே நாயின் நட்புக்கு வித்திடும் காலம் என்பது இத்தகைய ஆராய்ச்சிகளால் தெளிவாயிற்று.

ஆகவே குட்டி தேடிச் செல்பவர் பார்க்க வேண்டியவை வேறு. தாய் அயலாரைக் கண்டால் எப்படி நடந்துகொள்கிறது? குட்டிகளை மனிதர் கையிலெடுத்துப் பழக்கியிருக்கிறார்களா? குட்டியின் முதுகுப்புறம் நின்று, அது காணாதபடி மெல்லக் கைதட்டினால் திரும்புகிறதா? வெள்ளைக் குட்டியாயின் இக்கேள்வியை மறக்கலாகாது. எந்த நிறத்து நாயாயினும் விசர்நோய்த் தடுப்பூசி போடுவித்தல் வேண்டும். எந்த நிறத்து நாய் கடித்தாலும் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும்.

முற்றத்திலே நிற்கும் ஐந்து குட்டிகளும் இன்னும் எக்குணத்தையும் முழுதாகக் கைக்கொள்ளவில்லை. சங்கிலிக்கென்று ஒதுக்கப்பட்ட கறுப்பன் இப்பொழுது ஒரு சிறுவனின் கால்விரலை நக்கிக்கொண்டிருக்கிறான். அவன் நாளை எப்படிப்பட்டவனாவான் என்பது அவனுடைய உரோமத்தில் எழுதப்படவில்லை. அதன் பெரும்பகுதியை எழுதப்போகிறவர்கள் அவனை வீட்டுக்குக் கொண்டு செல்பவர்கள்.