பொய்த் தந்தையும் மெய்க் காதலும்

வள்ளியம்மையின் தினைப்புனத்துக்கு முருகப் பெருமான் கிழவர் உருவத்தில் வந்த கதையைக் கதிர்காமத்துக்குச் சென்று வந்தவர்கள் யாவரும் அறிவர். தேன் கலந்த தினைமாவை உண்டு, விக்கல் எடுத்து, தண்ணீர் கேட்டு, பின்னர் திருமணப் பேச்சையும் தொடங்கிய அந்தக் கிழவரைக் கண்டு வள்ளி சினந்தாள். கேட்பவர்களோ சிரிக்கிறார்கள். வந்தவர் யார் என்பது வள்ளிக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். ஆள் மாறாட்டத்தால் விளையும் நகைச்சுவை முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டிலேயே அடங்கியிருக்கிறது. மேடையில் நிற்பவர்கள் ஏமாற வேண்டும். அவையில் இருப்பவர்கள் ஒரு கணமேனும் ஏமாறலாகாது.

இக்கலையைத் தமிழ்த் திரையில் செம்மையாகக் கையாண்ட படங்களுள் முதலிடம் பெறத்தக்கது 1964ஆம் ஆண்டில் வெளிவந்த ‘காதலிக்க நேரமில்லை’. சித்ராலயா நிறுவனத்தின் சார்பில் ஸ்ரீதர் இயக்கிய படம் அது. செங்கற்பட்டில் ஸ்ரீதருடன் பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்த கோபு, கதையிலும் உரையாடலிலும் அவருக்குத் துணை நின்றார். ‘கல்யாணப் பரிசு’, ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ முதலிய படங்களால் கண்ணீரைக் கையாள்வதில் வல்லவர் என்று பெயர் பெற்றிருந்த ஸ்ரீதர், முழுநீள நகைச்சுவைப் படம் ஒன்றை எடுக்க முதலில் தயங்கினார் என்றும், சென்னைக் கடற்கரையில் கோபு அவரை விடாது வற்புறுத்தினார் என்றும் சொல்வதுண்டு. தயக்கத்தில் நியாயம் இருந்தது. அழ வைக்கும் படத்தில் ஒரு காட்சி சோர்ந்தாலும் அடுத்த காட்சி கைகொடுக்கும். சிரிக்க வைப்பதாக வாக்களித்துவிட்டுச் சிரிக்க வைக்காத படத்துக்கு அத்தகைய சலுகையில்லை.

அதற்கு முன்னரும் இவ்வகைக் கதைகள் தமிழில் இருந்தன. 1955இல் எல். வி. பிரசாத் இயக்கிய ‘மிஸ்ஸியம்மா’வில் ஆசிரியர் வேலை வேண்டி நிற்கும் இருவர், கணவனும் மனைவியுமாக இருப்பவர்களுக்கே அவ்வேலை கிடைக்கும் என்பதனால் தம்பதிகளாக நடிக்கிறார்கள். ஜெமினி கணேசனும் சாவித்திரியும் அப்பாத்திரங்களை ஏற்றிருந்தனர். ஊரார் முன்னிலையில் இணக்கமும் கதவடைத்த பின் பிணக்குமாக அவர்கள் படும் பாடு இன்றைக்கும் சுவை குன்றாதது. 1959இல் வந்த ‘கல்யாணப் பரிசு’ கண்ணீர்ப் படந்தான். ஆயினும் அதில் கே. ஏ. தங்கவேலு, வேலையேதும் இல்லாமலே மன்னார் அன்ட் கம்பெனியில் மனேஜர் என்று சொல்லிக்கொண்டு வீட்டாரை ஏமாற்றும் பகுதியை மறந்தவர் எவருமிலர்.

இம்மூன்று படங்களையும் ஒன்றன்பின் ஒன்றாக எண்ணிப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். பொய் சொல்பவன் ஒவ்வொரு தடவையும் வேலையில்லாதவனாகவே இருக்கிறான். மேற்பார்வைக்குக் காதல் விளையாட்டாகத் தோன்றும் இக்கதைகளின் அடியில், படித்துவிட்டு உத்தியோகம் தேடி அலைந்த ஒரு தலைமுறையின் கவலை ஓடிக்கொண்டிருக்கிறது. அன்றைய பார்வையாளர் பலர் தம் சொந்தக் கவலையைப் பார்த்துத்தான் சிரித்தார்கள்.

‘காதலிக்க நேரமில்லை’யின் கதையே ஒருவன் வேலையிழப்பதில்தான் சூடு பிடிக்கிறது. விசுவநாதன் என்பவர் பெருந்தோட்ட முதலாளி. காஞ்சனா, நிர்மலா என்று இரண்டு பெண்கள். செல்லப்பா என்று ஒரு பிள்ளை. பெண்களைச் செல்வர் வீட்டிலே கொடுக்க வேண்டும் என்பது அவருடைய ஒரே கொள்கை. அவரிடம் வேலை பார்த்த அசோக் என்ற இளைஞன், முதலாளியின் பெண்களோடு நேர்ந்த சச்சரவொன்றினால் வேலையை இழக்கிறான். இழந்தவன் ஊர் திரும்பவில்லை. முதலாளியின் மாளிகைக்கு எதிரிலேயே கூடாரம் அடித்து, வேலையைத் திருப்பிக் கொடு என்று பாட்டுப் பாடிக் கிளர்ச்சி செய்கிறான். தொழிலாளர் போராட்டம் ஒன்றைக் காதல் படத்தின் தொடக்கமாக வைத்த துணிவு பாராட்டத்தக்கது. அப்பாட்டிலே முதலாளியைப் பெயர் சொல்லி அழைக்கிறார்கள். அதற்கு இசையமைத்த இருவருள் ஒருவரின் பெயரும் விசுவநாதன் என்பது இரசிகர்களுக்குக் கிடைத்த மேலதிக வேடிக்கை.

சண்டையில் தொடங்கியது காதலில் முடிகிறது. நிர்மலாவும் அசோக்கும் ஒருவரையொருவர் விரும்புகின்றனர். வேலையற்ற ஒருவனுக்குப் பெண் கொடுக்க விசுவநாதன் இசைவாரா? இங்கேதான் பொய் பிறக்கிறது. அசோக், தான் சிதம்பரம் என்ற பெருஞ்செல்வரின் மகன் என்ற செய்தியைப் பரவ விடுகிறான். நேற்று வரை விரட்டப்பட்டவனுக்கு இன்று மாளிகையில் உபசாரம் நடக்கிறது. ஆள் அதே ஆள். உடம்பும் குரலும் குணமும் அவையே. மாறியது அவனுடைய தகப்பனைப் பற்றிய செய்தி ஒன்றுதான். வேடம் போட்டுக்கொள்ளாமலே ஒருவன் வேறொருவனாகிவிட்டான். அந்த வேடத்தைப் போட்டுவிட்டவர் உண்மையில் விசுவநாதனே.

மகன் வந்தாயிற்று, தந்தையும் வர வேண்டும் அல்லவா? அசோக் தன் நண்பன் வாசுவை வரவழைத்து, முதியவர் வேடமிட்டுச் சிதம்பரமாக நடிக்கச் சொல்கிறான். வாசு சம்மதித்து வருகிறான். வந்த இடத்தில்தான் தெரிகிறது, அவன் உயிராய் நேசிக்கும் காஞ்சனா அந்த வீட்டின் மூத்த பெண் என்பது. காதலியின் வீட்டுக்குள் கிழவனாக நுழைந்துவிட்டான். நண்பனின் காதல் வெல்ல வேண்டுமானால் வேடம் நிலைக்க வேண்டும். தன் காதல் வெல்ல வேண்டுமானால் வேடம் கலைய வேண்டும். வாசுவின் சொந்தத் தந்தையும் பின்னர் கதைக்குள் வந்து சேர, முடிச்சு மேலும் இறுகுகிறது.

தினைப்புனத்துக் கிழவரும் இந்தக் கிழவரும் ஒருவருக்கொருவர் எதிரானவர்கள். முருகன் வேண்டுமென்றே வள்ளியின் மனத்தைச் சோதிக்க முதுமையைப் பூண்டான், வேண்டியபோது களைந்தான். வாசுவுக்கோ அந்தச் சுதந்திரம் இல்லை. பெண்ணின் மனம் இங்கே ஐயத்துக்கிடமின்றி இருக்கிறது. சோதனை முழுவதும் மாமனாரின் கணக்குப் புத்தகத்தில்தான். வாசுவாக நடித்த முத்துராமன், பிற படங்களில் அமைதியான, சற்றே சோகம் படிந்த பாத்திரங்களுக்குப் பெயர் பெற்றவர். அந்த அமைதியே இங்கு அவருக்குத் துணை செய்தது. மூப்பை அவர் மிகையாக நடித்தாலும், மூப்புக்குள் தவிக்கும் இளைஞனை மிகையின்றி நடித்தார்.

படத்தில் கயவர் எவரும் இல்லை என்பது கவனிக்கத்தக்கது. அக்காலத் தமிழ்ப் படங்களில் இது அரிய செயல். அத்தனை குழப்பத்துக்கும் ஒரே காரணம் ஒரு நல்ல மனிதரின் சிறிய பலவீனம். அந்த மனிதராக டி. எஸ். பாலையா தோன்றினார். 1936இல் ‘சதிலீலாவதி’யில் திரைக்கு வந்து, நெடுங்காலம் வில்லனாகவே அறியப்பட்டவர் அவர். கொடியவனாக நடித்துத் தேர்ந்த கண்களும் புருவங்களும் இப்போது பேராசையைக் குழந்தைத்தனமாகக் காட்டப் பயன்பட்டன. பணக்காரர் வருகிறார் என்றதும் அவருடைய முதுகு தானே வளைகிறது. இல்லை என்று தெரிந்ததும் நிமிர்கிறது. அந்த வளைவையும் நிமிர்வையும் பார்ப்பவர் அவரை வெறுப்பதில்லை. தம் வீட்டிலோ அயல் வீட்டிலோ அத்தகைய ஒருவரை நினைத்துக்கொள்கிறார்கள்.

இனி, செல்லப்பா. நாகேஷ் ஏற்ற இப்பாத்திரம் ‘ஓகோ புரொடக்சன்ஸ்’ என்ற பெயரில் சினிமாக் கம்பெனி நடத்துகிறது. கம்பெனியில் முதலீடு இல்லை, படமும் இல்லை. தோட்டத்து மனேஜரின் மகளைக் கதாநாயகியாக்குவதாக வாக்களித்திருக்கிறான். சச்சு அப்பெண்ணாக வருகிறார். பணம் வேண்டி, தான் எடுக்கப்போகும் திகில் படத்தின் கதையைச் செல்லப்பா தன் தந்தைக்குச் சொல்லும் காட்சி தமிழ்த் திரையின் நகைச்சுவைக் காட்சிகளுள் மிகப் புகழ் பெற்றது. எத்தனை தடவை பார்த்தவர்களும் மறுபடி பார்க்க விரும்புவது.

அக்காட்சியில் என்ன இருக்கிறது? ஒரு நாற்காலி, அமர்ந்திருக்கும் ஒரு தந்தை, சுற்றி வரும் ஒரு மகன். இருளும் இல்லை; பேயும் இல்லை; கதையென்று சொல்லத்தக்க எதுவும்கூட இல்லை. நாகேஷ் வாயினாலேயே கதவைத் திறக்கிறார், காலடி ஓசை எழுப்புகிறார், ஓரிடத்தில் நிறுத்துகிறார். எஞ்சியதனைத்தையும் பாலையாவின் முகம் செய்கிறது. வியர்க்கிறது, வெளிறுகிறது, உடல் நாற்காலிக்குள் ஒடுங்குகிறது. பேச்சுக்கும் ஓசைக்கும் மௌனத்துக்கும் உள்ள ஆற்றலை வானொலி நாடகம் கேட்டுப் பழகியவர்கள் இக்காட்சியில் உடனே இனங்கண்டுகொள்வார்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் பாதிச் சுவை குறையாது. மற்றப் பாதி பாலையாவின் முகத்தில் இருப்பதனால் கண்ணைத் திறக்கவும் வேண்டியிருக்கிறது.

இக்காட்சியைக் கதையோடு ஒட்டாத தனித் துணுக்கு என்று கொள்வோர் உளர். அது பொருந்தாது. அசோக் என்ன செய்தான்? இல்லாத செல்வத்தைச் சொல்லினால் காட்டினான், விசுவநாதன் நம்பினார். செல்லப்பா என்ன செய்தான்? இல்லாத பேயைச் சொல்லினால் காட்டினான், விசுவநாதன் நடுங்கினார். இரண்டும் ஒரே மனிதரின் ஒரே இயல்பு. காதில் விழுந்ததைக் கண்ணில் கண்டதாக எண்ணும் அந்த இயல்பு ஒன்று இல்லாவிட்டால் கதையே நடக்காது. ‘கல்யாணப் பரிசு’விலே தங்கவேலுவின் பகுதியை வெட்டி எடுத்தாலும் மூலக்கதை நிற்கும். இங்கே செல்லப்பாவை எடுத்துவிட்டால் விசுவநாதன் யாரென்று நமக்குப் பாதிதான் தெரியும். ஐந்தாண்டுகளில் ஸ்ரீதரும் கோபுவும் கற்றுக்கொண்ட பாடம் இதுவாக இருக்க வேண்டும்.

வண்ணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழில் வண்ணம் அதுவரை பெரும்பாலும் அரசர்களுக்கும் அற்புதக் கதைகளுக்கும் உரியதாக இருந்தது. 1956இல் வந்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ அதற்கு எடுத்துக்காட்டு. சாதாரண மனிதர் உடுக்கும் சேலையும் சட்டையும் வண்ணத்தில் காட்டத் தக்கவை என்று ஈஸ்ட்மன் வண்ணத்தில் எடுக்கப்பட்ட இப்படம் காட்டியது. ஆழியாறு அணைப் பகுதியின் பசுமையும் சென்னைக் கடற்கரையின் நீலமும் வின்சென்ட்டின் ஒளிப்பதிவில் பொலிந்தன. கதாநாயகன் ரவிச்சந்திரன் மலாயாவில் பிறந்தவர், திரைக்குப் புதியவர். விமானப் பணிப்பெண்ணாக இருந்த காஞ்சனா, பாத்திரத்தின் பெயரையே தம் பெயராகக் கொண்டு இப்படத்தால் புகழ் பெற்றார். கண்ணதாசனின் பாட்டுகளும் விசுவநாதன் – இராமமூர்த்தி இருவரின் இசையும் அலைவரிசைகளில் நெடுங்காலம் ஒலித்தன.

குறையும் உண்டு. சகோதரிகள் இருவரும் நன்றாகச் சிரிக்கிறார்கள், நன்றாகப் பாடுகிறார்கள், ஆனால் கதையை நடத்துவதில்லை. பொய்யைத் திட்டமிடுபவர்கள் ஆண்கள், ஏமாறுபவரும் ஆண். ‘மிஸ்ஸியம்மா’வில் சாவித்திரியின் கோபமும் பிடிவாதமும் கதையை ஒவ்வொரு படியிலும் நகர்த்தின. அந்த உரம் இங்குள்ள பெண்களுக்கு வாய்க்கவில்லை. தந்தையின் கொள்கையை முகத்துக்கு நேரே எதிர்த்துக் கேட்கும் ஒரு காட்சி காஞ்சனாவுக்குக் கிடைத்திருந்தால் படத்தின் சிரிப்பு குறைந்திராது, எடை கூடியிருக்கும். பிற்பகுதியில் முடிச்சை அவிழ்க்கும் அவசரமும் தெரிகிறது.

படம் வெள்ளிவிழாக் கண்டது. 1965இல் தெலுங்கில் ‘பிரேமிஞ்சி சூடு’ என்றும், 1966இல் ஸ்ரீதரின் இயக்கத்திலேயே இந்தியில் ‘ப்யார் கியே ஜா’ என்றும் எடுக்கப்பட்டது. மொழி மாறியது, பெயர்கள் மாறின, கதாநாயகர்களாக வேறு நடிகர்கள் வந்தனர். மகன் தந்தைக்குத் திகில் கதை சொல்லும் காட்சியை மட்டும் எவரும் கைவிடத் துணியவில்லை. இந்தியில் மெஹ்மூத் சொல்ல, ஓம்பிரகாஷ் கேட்டு நடுங்கினார். அங்கும் ஒரு நாற்காலிதான். அங்கும் பேய் வரவில்லை.