துருவேறிய பீரோவுக்குப் புதுப் பூச்சு

(ஊராட்சி மன்ற உறுப்பினர்களும் உழவர்களும் கலந்துகொண்ட பயிற்சிக் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய பேச்சு)



சாலையைப் பற்றியும் குடிநீரைப் பற்றியும் கண்மாய் மராமத்தைப் பற்றியும் எனக்கு முன் பேசியவர்கள் விரிவாகக் கூறிவிட்டார்கள். எனக்குக் கிடைத்திருக்கும் விஷயம் மிகச் சிறியது. ஊராட்சி அலுவலகத்தின் மூலையில் துருவேறி நிற்கும் இரும்புப் பீரோவையும், கால் ஆடும் மேஜையையும், வர்ணம் உரிந்த நாற்காலிகளையும் என்ன செய்வது என்பதுதான் அது. "பழையதைத் தள்ளிவிட்டுப் புதியது வாங்கத் தீர்மானம் போட்டால் தீர்ந்தது" என்று சிலர் நினைக்கலாம். அவ்வளவு விரைவில் தள்ளிவிட வேண்டியதில்லை என்பதே என் கருத்து.

இது அலுவலகத்தின் அழகைப் பற்றிய பேச்சு என்று உழவர்கள் எண்ணிவிட வேண்டாம். அந்தப் பீரோவுக்குள் இருப்பது யாருடைய சொத்து? வீட்டு வரிப் பதிவேடு, குடிநீர்க் கட்டண ரசீதுகள், மன்றத்தின் தீர்மானப் புத்தகம், வேலைகளின் அளவுப் புத்தகம், கண்மாய் மீன்பாசி ஏலக் கணக்கு ஆகிய யாவும் அதற்குள்தான் இருக்கின்றன. நான் பணிபுரிந்த ஓர் ஊரில் வண்டிப்பாதை ஒன்றைப் பற்றித் தகராறு எழுந்தது. அப்பாதையை ஊராட்சியே பராமரித்து வருவதற்குப் பழைய தீர்மானம் ஒன்றே ஆதாரம். புத்தகத்தை எடுத்துப் பார்த்தபோது, அது பீரோவின் அடித்தட்டில் இருந்தபடியால், துருப்பிடித்த தகட்டோடு அதன் பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. வேண்டிய பக்கத்தில் பாதிதான் படிக்கக் கிடைத்தது. மீதிப் பாதி செம்மண் நிறத்தில் பொடிந்து போயிற்று. அந்தப் பாதையை நம்பி வயலுக்கு உரம் ஏற்றிச் செல்லும் குடும்பங்கள் பட்ட பாடு கொஞ்சமன்று.

நம் நாட்டில் சமுதாய வளர்ச்சித் திட்டம் 1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கியது. 1958-ஆம் ஆண்டின் சட்டத்தின்படி ஊராட்சி ஒன்றியங்கள் 1960, 1961-ஆம் ஆண்டுகளில் அமைந்தன. அலுவலகம் என்று ஒன்று வந்தால் அதற்குத் தளவாடங்கள் வேண்டுமல்லவா? அப்படிப் பற்பல ஆண்டுகளுக்கு முன் வந்து சேர்ந்த பீரோக்களைத் தட்டிப் பாருங்கள். கனத்த தகட்டின் ஓசை கேட்கும். இன்று மலிவாகக் கிடைக்கும் பீரோக்கள் பலவற்றில் அந்தக் கனம் இல்லை. பூச்சுப் போயிற்று என்ற காரணத்துக்காக நல்ல இரும்பைக் கழித்துவிடுவது, உமி ஒட்டியிருக்கிறதென்று நெல்லையே குப்பையில் கொட்டுவதற்கு ஒப்பாகும்.

முதலில் துரு என்பது என்ன என்று அறிந்துகொள்ள வேண்டும். இரும்பு, காற்றிலுள்ள பிராணவாயுவோடும் ஈரத்தோடும் சேர்ந்து மாறிய பொருளே துரு. அது மாறுவதற்கு முன்னிருந்த இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆகவே பூச்சுக்கு அடியில் சிறு துரு பிடித்தாலும் அது மேலேயுள்ள வர்ணத்தைக் கொப்புளம் போல் தூக்கிவிடுகிறது. அந்த விரிசலில் மேலும் ஈரம் நுழைகிறது. உப்புக் காற்று வீசும் கடலோரக் கிராமங்களில் இவ்வேலை இன்னும் துரிதமாக நடைபெறும். துருவின் மேலேயே புதுப் பெயின்ட் அடித்தால், நோயை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தியது போலாகும். ஒரு மழைக்காலம் கழிந்ததும் பூச்சு பொருக்குப் பொருக்காக உரிந்து விழும். குறைந்த செலவில் முடித்துத் தருவதாகச் சொல்லி வருபவர்கள் செய்வது பெரும்பாலும் இதைத்தான்.

எந்தச் சாமான் தேறும், எது தேறாது என்று பார்ப்பதற்கு ஒரு திருப்புளி போதும். துரு மிகுந்த இடங்களான அடித்தட்டு, கால்கள், சுவரை ஒட்டிய பின்புறம் ஆகியவற்றில் திருப்புளியின் முனையால் அழுத்திக் குத்திப் பாருங்கள். முனை உள்ளே இறங்காமல் கெட்டியாக இருந்தால் வர்ணம் பூசிக் காப்பாற்றிவிடலாம். ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் ஓட்டை விழுந்தால், வெல்டிங் பட்டறையில் புதுத் தகடு ஒட்டுப் போட்டுக்கொள்ளலாம். அடிப்பாகம் முழுவதும் அப்பளம் போல் நொறுங்கினால் அதற்குச் செலவழிப்பது வீண். முறைப்படி கழிவு செய்து ஏலம் விடுவதே சரி.

வேலையைத் தொடங்குமுன் ஒரு காரியம் உண்டு. ஒவ்வொரு தளவாடத்தின் மீதும் இருப்புப் பதிவேட்டின் எண் எழுதியிருக்கும். புதுப் பூச்சு அந்த எண்ணை மறைத்துவிட்டால், தணிக்கைக்கு வருபவர் "பதிவேட்டிலுள்ள பீரோ எங்கே?" என்று கேட்பார். கண்ணெதிரே நிற்கும் பீரோவைக் காணவில்லை என்று தடை எழுதப்படும் விந்தை நிகழ்ந்துவிடும்! எண்களை முன்கூட்டியே குறித்துக்கொண்டு, வேலை முடிந்ததும் அதே இடத்தில் திரும்ப எழுதுங்கள். தலைவர் பெயரையும் உறுப்பினர்கள் பெயர்களையும் கதவு நிறைய எழுதும் பழக்கம் சில ஊர்களில் காணப்படுகிறது. எண் ஒன்றே போதும் என்று பணிவோடு கூறிக்கொள்கிறேன்.

இனி நான் சொல்லப்போவதை எல்லோரும் கவனமாகக் கேட்க வேண்டுகிறேன். பழைய பெயின்ட்டில் ஈயம் கலந்திருக்கலாம். மஞ்சள், ஆரஞ்சு, பச்சை நிறங்களுக்காகவும், சீக்கிரம் காய்வதற்காகவும், துருவைத் தடுப்பதற்காகவும் ஈயப் பொருள்களைப் பெயின்ட்டில் சேர்த்து வந்தார்கள். நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டு இதற்கென விதிகள் வகுக்கப்பட்டன. அவ்விதிகளின்படி வீட்டு உபயோக, அலங்காரப் பெயின்ட்டுகளில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கலாகாது என்ற வரம்பு 2017-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசிய பூச்சில் எவ்வளவு இருக்கிறதென்று கண்ணால் பார்த்துச் சொல்ல இயலாது. ஆகையால் பழைய பூச்சு எதுவானாலும் அதில் ஈயம் உண்டு என்று எண்ணிக்கொண்டே வேலை செய்ய வேண்டும். பெயின்ட் தகட்டில் ஒட்டியிருக்கும் வரையில் தீங்கு குறைவு. உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்துப் புழுதியாக்கும்போதுதான் அது மூச்சிலும் வாயிலும் போகிறது. பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்கே ஆபத்து அதிகம். வளரும் மூளையை ஈயம் கெடுக்கிறது; இந்த அளவு வரை பாதகமில்லை என்று சொல்லத்தக்க அளவே அறியப்படவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

நம் ஊர்களில் ஊராட்சி அலுவலகத்தை ஒட்டியே அங்கன்வாடி இருப்பதைப் பார்க்கிறோம். இரண்டுக்கும் ஒரே முற்றமாகவும் இருக்கக்கூடும். அந்த முற்றத்தில் பீரோவைப் போட்டு இரண்டு நாள் கரகரவென்று தேய்த்தால், தவழும் குழந்தையின் கையில் அந்தப் புழுதி ஏறும். கை வாய்க்குப் போகும். எனவே பீரோவை வண்டியில் ஏற்றியேனும் ஒதுக்குப்புறமான இடத்துக்குக் கொண்டு செல்லுங்கள். கீழே தார்ப்பாய் விரியுங்கள். உலர்வாகத் தேய்க்காமல், தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் தாளை உபயோகியுங்கள். பெயின்டர்கள் அதை வாட்டர் பேப்பர் என்பார்கள். நனைத்துத் தேய்த்தால் தூள் பறக்காமல் சேறாக வழியும். அதைத் துணியால் துடைத்தெடுத்துவிடலாம். தேய்ப்பவர் என்-95 முகக்கவசம் அணிய வேண்டும். தோளில் கிடக்கும் துண்டை மூக்கில் கட்டிக்கொள்வது போதாது. நெருப்பைக் காட்டிப் பழைய வர்ணத்தைப் பொசுக்குவது அறவே கூடாது. ஈயம் புகையாகக் கிளம்பும். வேலை முடிந்ததும் கைகால் கழுவிய பிறகே வெற்றிலை, பீடி, சாப்பாடு எல்லாம். அன்றைய உடுப்பைக் குழந்தைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்கலாகாது.

சுரண்டி எடுத்த செதில்களையும் துடைத்த துணிகளையும் என்ன செய்வது? மண்புழு உரக் குழியிலோ எருக்குழியிலோ போட்டுவிடாதீர்கள். ஈயம் மக்கிப் போகும் பொருளன்று. அது எருவோடு சேர்ந்து கீரைப் பாத்திக்கு வந்துவிடும். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் பெயின்ட் டப்பாக்களைப் பூச்சிமருந்து டப்பாக்களோடு சேர்த்து அபாயகரமான வீட்டுக் கழிவு என்றே வகைப்படுத்தின. செதில்களையும் அவ்வாறே கருதி, பையில் கட்டித் தனியாக ஒப்படையுங்கள்.

அடுத்து வேலை முறை. முதலில் சலவைச் சோடா கலந்த நீரால் எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவ வேண்டும். பிசுக்கின் மேல் எந்தப் பெயின்ட்டும் ஒட்டாது. பிறகு உரிந்து நிற்கும் பூச்சையும் துருவையும் நீர் தெளித்துக்கொண்டே பட்டித் தகட்டாலும் கம்பி பிரஷ்ஷாலும் அகற்றுங்கள். நன்றாக ஒட்டியிருக்கும் பழைய வர்ணத்தை முழுதும் சுரண்ட வேண்டியதில்லை. அதன் மினுமினுப்பு மறையும்படி 180, பின் 320 எண் தாளால் தேய்த்தால் போதும். கைப்பிடி, திருகு போன்ற சிறு உருப்படிகளைக் கழற்றிப் புளிக்கரைசலில் ஓரிரவு ஊறப்போடலாம். வெண்கலப் பானைக்குச் செய்வது போலத்தான். புளியின் அமிலம் துருவைக் கரைத்துவிடும். ஆனால் மறுநாள் நன்றாகக் கழுவி உடனே உலர்த்தாவிட்டால் முன்னிலும் வேகமாகத் துருப்பிடிக்கும். இறுகிப்போன கீல்களுக்கு மண்ணெண்ணெய் விட்டு அசைத்துக் கொடுங்கள்.

ஈரத் தாளால் தேய்த்த இரும்பு, துடைக்காமல் விட்டால் சில மணி நேரத்திலேயே செந்நிறம் காட்டத் தொடங்கிவிடும். ஆகவே துடைத்து, வெயிலில் காயவைத்து, நிழலுக்கு மாற்றி, அன்றைக்கே பிரைமர் பூசிவிட வேண்டும். அதனால் ஒரு நாளில் பூசி முடிக்கக்கூடிய அளவுக்கு மட்டும் தேய்த்துக்கொள்வது நல்லது. கடைக்காரர் பெரும்பாலும் ரெட் ஆக்சைடு ஜிங்க் குரோமேட் பிரைமரைத்தான் எடுத்துக் கொடுப்பார். அது துருவைத் தடுப்பது உண்மையே. ஆயினும் அதிலுள்ள குரோமேட் புற்றுநோய் உண்டாக்கத்தக்கது. ஜிங்க் பாஸ்பேட் கலந்த பிரைமர் கிடைத்தால் அதையே கேட்டு வாங்குங்கள். பள்ளம் மேடு உள்ள இடங்களைப் பட்டி வைத்துச் சமன் செய்து, அது காய்ந்தபின் தேய்த்துக்கொள்ள வேண்டும்.

மேல் பூச்சுக்கு எனாமல் பெயின்ட் ஏற்றது. ஈயத்தின் அளவு பற்றி டப்பாவில் அச்சிட்டிருக்கிறதா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள். இயந்திரங்களுக்கென்று விற்கும் தொழிற்சாலைப் பெயின்ட் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். முன்பு சொன்ன வரம்பு அதற்குரியதன்று. சுமார் ஆறரை அடி உயரமும் மூன்று அடி அகலமும் உள்ள பீரோவின் வெளிப்புறம் ஆறு சதுர மீட்டருக்குச் சற்று அதிகம். ஒரு லிட்டர் எனாமல் ஒரு முறை பூசுவதற்குப் பத்து முதல் பன்னிரண்டு சதுர மீட்டர் வரை வரும். ஆகவே வெளிப்புறத்துக்கு இரு முறை பூச ஒன்றேகால் லிட்டர் தாராளம். மதிப்பீட்டில் ஐந்து லிட்டர் என்று வந்தால், மீதி எங்கே போகிறது என்று உறுப்பினர்கள் கேட்கலாம்!

பெயின்ட்டை அடிவரை கலக்கி, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, மெல்லியதாகப் பூசுங்கள். ஒரே பூச்சில் முடித்துவிட எண்ணிக் கனமாக அப்பினால் மேலே தோல் கட்டிச் சுருங்கும். உள்ளே பல நாள் காயாது. ஒரு பூச்சுக்கும் அடுத்ததற்கும் இடையே ஓரிரவு விட வேண்டும். பூட்டுத் துளையிலும் கீலிலும் வர்ணம் படாமல் சிறிது கிரீஸ் தடவிவையுங்கள். உட்புறத்துக்கு வெள்ளை அல்லது வெளிர் நிறமே நல்லது என்பது என் அபிப்பிராயம். கரும்பச்சைக்குள் துருவும் தெரியாது, கரையானும் தெரியாது. வெள்ளையில் முதல் புள்ளியே கண்ணில் படும். பிரஷ் கழுவிய டர்பன்டைனை வாய்க்காலில் ஊற்றாதீர்கள். ஒரு பாட்டிலில் தெளியவைத்தால் மேலே நிற்பது மறுபடியும் உதவும்.

தை முதல் பங்குனி வரை இவ்வேலைக்கு ஏற்ற காலம். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பூச்சு காயாது. ஆடிக் காற்றில் பூசினால் ஊர்ப் புழுதியெல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும்.

மடக்கு நாற்காலிகளுக்கும் இதே முறைதான். மடங்கும் இடத்தில் மட்டும் பெயின்ட்டுக்குப் பதில் எண்ணெய்.

இவ்வளவும் செய்தபிறகு பீரோவைப் பழைய இடத்தில் பழையபடி வைத்துவிட்டால் பயனில்லை. கால்கள் ஏன் முதலில் துருப்பிடிக்கின்றன? நாள்தோறும் தரையைக் கழுவித் துடைக்கும் தண்ணீர் அங்கே தேங்குகிறது. கடப்பைக் கல் துண்டுகளின் மேல் கால்களை நிறுத்துங்கள். மழையில் ஓதம் ஏறும் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். பூச்சு நன்கு இறுகுவதற்கு ஒரு வாரம் ஆகும். அதற்குள் அவசரப்பட்டுப் பதிவேடுகளை அடுக்கினால் அட்டைகள் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். வாசனை போகும்வரை கதவுகளைத் திறந்தே வைத்து, பின்பு உலர்ந்த வேப்பிலை போட்டு அடுக்கலாம்.

இவ்வலுவலகத்தின் பின்புற வராந்தாவில் பாதி வேலை முடிந்த பீரோ ஒன்று இருக்கிறது. ஒரு கதவு பழையபடியே இருக்கிறது. மற்றொரு கதவு பிரைமர் பூசிய நிலையில் நிற்கிறது. வாளியில் தண்ணீரும் தாளும் முகக்கவசங்களும் வைக்கச் சொல்லியிருக்கிறேன். தேநீருக்குப் பிறகு விருப்பமுள்ளவர்கள் வந்து, தாங்களே சிறிது தேய்த்துப் பார்க்கலாம்.