அந்தமானில் ஒரு நகரசபைத் தேர்தல்



பத்து, பத்து, இரண்டு, ஒன்று, ஒன்று. 2022-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் போர்ட் பிளேயர் நகரசபைத் தேர்தலின் முடிவாக வெளிவந்த எண்கள் இவை. மொத்தம் இருபத்து நான்கு வார்டுகள். பாரதீய ஜனதா கட்சிக்குப் பத்து ஸ்தானங்கள், காங்கிரசுக்கும் பத்து, தெலுங்கு தேசம் கட்சிக்கு இரண்டு, திராவிட முன்னேற்றக் கழகத்திற்கு ஒன்று, எக்கட்சியையும் சாராத சுயேச்சை ஒருவர். அந்நகரம் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றம் பெற்றது. எனினும், தேர்தல் நடந்த காலத்தில் வழங்கிய பெயரையே இப்பேச்சில் நாங்கள் வழங்குகிறோம்.

தில்லியிலும் மும்பையிலும் புனேயிலும் பெங்களூரிலும் குடியிருக்கும் நீங்கள், கடலுக்கு அப்பால் உள்ள ஒரு சிறு நகரத்தின் வார்டுக் கணக்கு நமக்கு எதற்கு என்று எண்ணக்கூடும். சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறினால் மூன்று நாளில் வந்து சேரும் ஊர் இது. ஆனால், தாய்நாட்டை விட்டு வேறு மொழியினரிடையே வாழும் தமிழனுக்கு ஓட்டு என்பது எதற்குப் பயன்படும் என்ற கேள்விக்கு இவ்வூரின் கணக்கில் ஒரு விடை இருக்கிறது. அதைச் சொல்லவே வந்தோம்.

முதலில், எங்களுக்கு ஒரு நகரசபை ஏன் இவ்வளவு பெரிதாகத் தோன்றுகிறது என்பதைக் கூறவேண்டும். அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்குச் சட்டசபை கிடையாது. முதலமைச்சர் கிடையாது, மந்திரிகள் கிடையாது. மத்திய அரசின் சார்பில் துணைநிலை ஆளுநர் ஆட்சி நடத்துகிறார். ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தீவுகளுக்கும் சேர்த்து லோக்சபையில் ஒரே ஓர் அங்கத்தினர். அவரையுங்கூடத் தேர்ந்தெடுக்கும் உரிமை தொடக்கத்தில் எங்களுக்கு இருக்கவில்லை. 1952-இல் பாரத நாடு முழுவதும் வரிசையில் நின்று வாக்களித்தபோது, இத்தீவுகளின் பிரதிநிதியை ராஷ்டிரபதியே நியமித்தார். முதன்முதல் நியமனம் பெற்றவர் நிக்கோபாரின் பிஷப் ஜான் ரிச்சர்ட்சன். அவர் பெருமதிப்பிற்குரியவர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் நியமனம் நியமனந்தானே! இத்தீவு மக்கள் தங்கள் லோக்சபை அங்கத்தினரைத் தாமே தேர்ந்தெடுத்தது 1967-இல். அவ்வாண்டு வெற்றி பெற்றவர் கே. ஆர். கணேஷ்.

ஆகவே, சட்டசபை உள்ள மாநிலத்தில் நகரசபை என்பது ஏணியின் கீழ்ப்படி. இங்கோ ஏணியில் இரண்டே படிகள், நடுவில் ஒன்றுமில்லை. தெருவில் உள்ளவர் நேரில் சென்று கதவைத் தட்டிக் கேட்கக்கூடிய பிரதிநிதி தில்லியில் இருக்கும் ஒருவரல்லர், வார்டு அங்கத்தினரே. கிராமங்களுக்குப் பஞ்சாயத்துகள் உண்டு. அவற்றின் நிலையும் ஏறக்குறைய இதுவே.

இனி முடிவுக்கு வருவோம். இருபத்து நான்கு பேர் கொண்ட சபையில் பெரும்பான்மைக்குப் பதின்மூன்று வேண்டும். இரு பெருங்கட்சிகளும் பத்திலேயே நின்றுவிட்டன. இப்படிப்பட்ட சபையைத் தொங்கு சபை என்கிறார்கள். எங்களுக்கு அச்சொல் பிடிப்பதில்லை. அது தொங்கவில்லை, ஒரு தராசைப் போல் நின்றது. முள்ளை அசைக்கும் எடை இரண்டு பேரிடமும் ஒவ்வொருவராக நின்ற மற்றவர்களிடமும் இருந்தது.

முதலாண்டில் தலைமைப் பதவி பாரதீய ஜனதா கட்சிக்குச் சென்றது. 2023 மார்ச்சில் மறுபடியும் தலைவர் தேர்தல் வந்தது. அதில் இருபத்து நான்கு வாக்குகளில் பதினான்கைப் பெற்றுத் தலைவரானவர், இரண்டே அங்கத்தினர் கொண்ட தெலுங்கு தேசம் கட்சியைச் சேர்ந்த எஸ். செல்வி. அவருக்கு ஆதரவளித்தது பாரதீய ஜனதா கட்சி. அவ்விரு கட்சிகளும் 2018-இல் தேசிய அளவில் பிரிந்தவை. மீண்டும் கூட்டுச் சேர்ந்தது 2024-இல்தான். இடைப்பட்ட காலத்தில், ஆந்திரத்தில் கைகோக்காதவர்கள் அந்தமானில் கைகோத்தார்கள். தலைவரின் பெயர் தமிழ் காதுக்கு நன்கு பழகிய பெயர், கட்சி ஆந்திரக் கட்சி, ஆதரவு வடநாட்டிலே வேரூன்றிய கட்சியுடையது. இத்தீவுகளின் வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு ஏதுமில்லை.

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இங்கே வாழ்வோர் சுமார் 3,80,000 பேர். அவர்களில் நூற்றுக்கு 28 பேரின் தாய்மொழி வங்காளி. இந்தி பேசுவோர் 19, தமிழர் 15, தெலுங்கர் 13. அடுத்து நிக்கோபாரி மொழியினரும் மலையாளிகளும் வருகின்றனர். எந்த மொழியினரும் பாதியைத் தொடுவதில்லை. மூன்றில் ஒரு பங்கைக்கூடத் தொடுவதில்லை. கைதிகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியார், தேசப் பிரிவினைக்குப் பின் 1949 முதல் வந்த வங்க அகதிகள், மராமத்து வேலைக்கும் கப்பல்துறை வேலைக்கும் கடை வைக்கவும் வந்த தென்னாட்டார் என்று பலரும் கலந்து உண்டானது போர்ட் பிளேயர். 1964-இல் சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தம் ஏற்பட்ட பின்னர், இலங்கை மலையகத்திலிருந்து திரும்பிய சில தமிழ்க் குடும்பங்களை நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர்த் தோட்ட வேலைக்கு அமர்த்தினார்கள். தேயிலை மலையிலிருந்து ரப்பர்க் காட்டுக்கு வந்த அவர்களை 2004 டிசம்பரின் ஆழிப்பேரலையும் விட்டுவைக்கவில்லை. கச்சால் பழங்குடி மக்களின் நிலம். அங்கே ஊராட்சி நடத்துபவை பழங்குடி மன்றங்களே. அதிலே குறை காண்பதற்கில்லை, தீவு அவர்களுடையது. ஆனாலும், நாம் பேசும் வார்டு ஓட்டு என்பது எல்லாத் தமிழருக்கும் எங்கும் கைக்கெட்டும் பொருளன்று என்பதை நினைவிற் கொள்வதற்காக இதைக் குறிப்பிட்டோம்.

மொழிவாரியாகத் தலையெண்ணி வெல்ல முடியாத ஊரில் வேட்பாளர் என்ன செய்வார்? எல்லா வீட்டு வாயிலிலும் ஏறி இறங்குவார். வங்காளி வீட்டிலும் தமிழ் வீட்டிலும் இந்தியிலே பேசுவார். பேசுவது எதைப்பற்றி? பெரும்பாலும் தண்ணீரைப்பற்றி.

இத்தீவுகளில் மே மாதம் முதல் ஆண்டின் பெரும்பகுதியும் மழை. ஆயினும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை வானம் வறண்டுவிடும். நகருக்கு முதன்மையான நீர்நிலை தனிக்காரி அணை. அதன் மட்டம் இறங்கும்போது குழாய்நீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். மழை பொய்த்த ஆண்டுகளில் அதனினும் அரிதாக வரும். சுற்றிலும் உப்புக்கடல், வீட்டிலே காலிக் குடம்! 2022-இல் வாக்களிப்பு நடந்ததும் அந்த வறண்ட மாதத்திலேதான். எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் திறப்பது, குப்பை வண்டி மேட்டுத் தெருவுக்கு ஏறுமா ஏறாதா, மழைக்காலத்தில் மலைச்சரிவின் சாக்கடை யார் வீட்டுக்குள் வழியும் என்பனவே இங்கு அரசியல். நகரசபையின் கையும் அவ்வளவு நீண்டதன்று. பணத்திற்குப் பெரும்பாலும் தீவு நிர்வாகத்தையே நம்பி நிற்கிறது. இருப்பினும் கேட்பதற்கு ஒரு வாய் வேண்டுமல்லவா?

இங்கேதான் உங்களிடம் நாங்கள் சொல்ல விரும்பும் செய்தி வருகிறது. வெளிமாநிலத்தில் பதினைந்து, இருபது ஆண்டுகள் குடியிருந்தும், வாக்காளர் பட்டியலில் பெயரைச் சொந்த ஊரிலேயே வைத்திருக்கும் தமிழர்கள் பலர். தேர்தலுக்குத் தேர்தல் விடுப்பெடுத்து, ரயிலேறி ஊர் சென்று வாக்களித்துத் திரும்புகிறார்கள். பலரால் அதுவும் முடிவதில்லை. அங்கே ஓட்டு வீணாகிறது. இங்கே ஓட்டே இல்லை. குடிக்கும் தண்ணீர் ஓரூரில், ஓட்டு வேறோர் ஊரில்.

1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் ஒருவர் பெயர் ஒன்றுக்கு மேற்பட்ட தொகுதியில் இருப்பதை அனுமதிப்பதில்லை. ஓரூரில் வீடு சொந்தமாக இருக்கிறது என்ற காரணத்தால் மட்டும் ஒருவர் அங்கே வழக்கமாக வசிப்பவர் ஆகிவிட மாட்டார் என்றும் அது கூறுகிறது. தற்காலிகமாக வெளியூர் சென்றவர் உரிமை இழக்கமாட்டார் என்பதும் அதே சட்டத்தில் உண்டு. நகரசபைக்கான பட்டியல் தனியே தயாராவது. அதற்கும் அடிப்படை அந்த வார்டில் குடியிருப்பதே. இங்கிலாந்தில் இக்கொள்கையை இன்னும் ஒருபடி நீட்டியிருக்கிறார்கள். லண்டன் மாநகரின் உள்ளாட்சி மன்றங்களுக்கு நான்காண்டுக்கு ஒருமுறை நடக்கும் தேர்தலில், அங்கே முறைப்படி குடியிருக்கும் இந்தியக் குடிமகனும், காமன்வெல்த் நாட்டினன் என்ற தகுதியால், வாக்களிக்கலாம். லண்டனிலே குடியுரிமை பெறாத தமிழனுக்கு வார்டு ஓட்டு உண்டு. சொந்த நாட்டின் வேறொரு மாநிலத்தில் வாழும் தமிழனோ அதைத் தானே கைநழுவ விடுகிறான்!

ஊரில் பெயரை எடுத்துவிட்டால் ஊரே விட்டுப்போகும் என்ற அச்சம் எங்களுக்குத் தெரியாததன்று. பட்டியலில் உள்ள பெயர் பலருக்குத் தாய் தந்தையர் வீட்டுத் திண்ணையைப் போன்றது. பட்டாவும் ரேஷன் அட்டையும் அதனோடு போய்விடும் என்று பயப்படுவோரும் உண்டு. நிலவுரிமைக்கும் வாக்காளர் பட்டியலுக்கும் சம்பந்தமில்லை. பத்திரம் பத்திரமாகவே இருக்கும். மற்றபடி, ஓரிரு ஆண்டு வேலைக்கு வந்து திரும்பப் போகிறவர் பெயரை ஊரிலேயே வைத்திருப்பதே முறை. பிள்ளைகள் இங்கேயே படித்து, இங்கேயே வேலைக்குப் போய், அடுத்த தலைமுறையும் இங்கேயே என்று ஆகிவிட்ட குடும்பத்தின் நிலை வேறு.

2025 அக்டோபர் இறுதியில் தேர்தல் ஆணையம் பன்னிரண்டு மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தத்தை அறிவித்தது. தமிழ்நாடும் அந்தமானும் அப்பன்னிரண்டில் அடங்கின. ஊரில் உள்ள தம்பி அண்ணனுக்காகப் படிவம் வாங்கி வைத்தான். இங்கே அண்ணன் வீட்டு வாயிலிலும் படிவத்தோடு அலுவலர் நின்றார். இரண்டில் ஒன்றிலேதான் கையெழுத்திட முடியும். எங்கள் தெருவில் சிலர் ஊர்ப் படிவத்தையும் சிலர் தீவுப் படிவத்தையும் நிரப்பினார்கள். 2022 மார்ச்சில் தேர்ந்தெடுக்கப்பட்ட நகரசபையின் ஐந்தாண்டுக் காலம் 2027-இன் தொடக்கத்தில் முடிகிறது. அதுவும் தனிக்காரி அணையின் நீர்மட்டம் இறங்கிக்கொண்டிருக்கும் பருவமே. தீவுப் படிவத்தை நிரப்பியவர்களின் வாயிற்படியில் வேட்பாளர்கள் வந்து நிற்பார்கள். மற்றவர்களின் வீட்டைக் கடந்து அடுத்த வீட்டுக்குப் போவார்கள்.